சொல்லைத் தொடாத தடைகள்: இந்திய அரசும் பத்திரிகைச் சுதந்திரமும்

1. பொருளும் எல்லையும்

பத்திரிகைச் சுதந்திரம் என்றதும் தணிக்கை அதிகாரியும் சிறைவாசலும்தான் நினைவுக்கு வருகின்றன. 1987இல் அட்டைப்பட நகைச்சுவைத் துணுக்கு ஒன்றுக்காக ஆனந்த விகடன் ஆசிரியர் எஸ். பாலசுப்ரமணியனைத் தமிழகச் சட்டமன்றம் சிறைக்கு அனுப்பியபோது எழுந்த கொந்தளிப்பு இன்னும் பலருக்கு மறக்கவில்லை. எழுதியவரைப் பிடித்து அடைப்பது எல்லோர் கண்ணுக்கும் தெரிகிற அடக்குமுறை. அதை எதிர்க்க ஆள் சேரும்.

ஆனால் பத்திரிகை என்பது எழுத்து மட்டும் இல்லை. அதற்குக் காகிதம் வேண்டும், அச்சகம் வேண்டும், மின்சாரம் வேண்டும். கட்டுக் கட்டாக ரயிலேறி ஊர் ஊராகப் போய்ச் சேர வேண்டும். விற்பனை விலை அச்சுச் செலவுக்கே காணாது என்பதால் விளம்பரமும் வேண்டும். இவற்றில் ஒன்றைப் பிடித்து இழுத்தாலே போதும், ஒரு வரியைக்கூட அடிக்காமல் பத்திரிகையை மூச்சுத் திணற வைக்கலாம். சொல்லைத் தொடாத இந்தத் தடைகளே இக்கட்டுரையின் ஆய்வுப் பொருள். இந்தியாவில் அரசுக்கும் பத்திரிகைக்கும் நடந்த போராட்டங்களில் வருங்காலத்தைத் தீர்மானித்தவற்றைத் தொகுத்துப் பார்த்தால், அவற்றுள் பெரும்பாலானவை இப்படிப்பட்ட பொருள்களைப் பற்றியவையாகவே இருக்கின்றன.

அரசமைப்புச் சட்டத்தின் 19(1)(அ) பிரிவு எல்லாக் குடிமக்களுக்கும் பேச்சுரிமையும் கருத்துரிமையும் தருகிறது. பத்திரிகை என்ற சொல் அதில் இல்லை. பத்திரிகை ஆசிரியரும் ஒரு குடிமகன்தான், அவர் எழுதும்போது தம் குடியுரிமையைத்தான் பயன்படுத்துகிறார், தனியே எழுதி வைக்கத் தேவையில்லை என்று அம்பேத்கர் அரசமைப்பு அவையில் விளக்கினார். விளக்கம் சரியானதே. ஆயினும் குடிமகன் பேசுவதற்கு வாய் போதும், பத்திரிகை பேசுவதற்கு நியூஸ்பிரிண்ட் வேண்டும். அந்த இடைவெளியை நிரப்பும் வேலை நீதிமன்றங்களின் தலையில் விழுந்தது.

2. ஜாமீன் தொகை

ஆங்கிலேய அரசு இந்தக் கலையில் கைதேர்ந்திருந்தது. வைஸ்ராய் லிட்டன் 1878இல் கொண்டுவந்த தாய்மொழிப் பத்திரிகைச் சட்டம் ஆங்கிலப் பத்திரிகைகளை விட்டுவிட்டு இந்திய மொழிப் பத்திரிகைகளை மட்டும் குறி வைத்தது. அச்சிடுபவரிடமும் வெளியிடுபவரிடமும் பிணைமுறி எழுதி வாங்கலாம், ஜாமீன் தொகை கேட்கலாம், பிறகு அதைப் பறிமுதல் செய்யலாம். மேல்முறையீட்டுக்கு நீதிமன்றம் கிடையாது. வங்காளியிலும் ஆங்கிலத்திலும் வந்துகொண்டிருந்த அமிர்த பஜார் பத்திரிகா சட்டத்துக்குத் தப்ப உடனே முழு ஆங்கிலப் பத்திரிகையாக மாறிக்கொண்டது. ரிப்பன் காலத்தில் அந்தச் சட்டம் நீங்கியது. ஜாமீன் என்ற யோசனை மட்டும் நீங்கவில்லை.

1910ஆம் ஆண்டின் பத்திரிகைச் சட்டம் அதை நாடு முழுவதற்கும் எல்லா மொழிக்கும் விரித்தது. சென்னையில் அன்னி பெசன்ட் நடத்திய நியூ இந்தியா நாளிதழிடம் 1916 மே மாதம் 2,000 ரூபாய் ஜாமீன் கேட்கப்பட்டது. ஆகஸ்டில் அது பறிமுதலானது. அடுத்து 10,000 ரூபாய் கேட்டார்கள். பெசன்ட் அம்மையாருக்குப் பணம் திரட்ட வழி இருந்தது, வழக்கை உயர் நீதிமன்றத்துக்கும் பிறகு லண்டன் பிரிவி கவுன்சிலுக்கும் கொண்டுபோகவும் முடிந்தது. இரண்டு இடத்திலும் தோற்றார். ஒரு சிற்றூரில் மரக்கட்டை அச்சை வைத்துக்கொண்டு வாரத்துக்குச் சில நூறு பிரதி போடுகிறவருக்கு 2,000 ரூபாய் என்றால் என்ன அர்த்தம்? அந்தக் கேள்வியை எந்த நீதிமன்றமும் கேட்கவில்லை, ஏனென்றால் அப்படிப்பட்டவர்கள் நீதிமன்றம் வரை வரவே இல்லை. கடையைச் சாத்திக்கொண்டு போனார்கள்.

விடுதலைக்குப் பிறகும் ஜாமீன் திரும்பி வந்தது என்பதைச் சொல்லியாக வேண்டும். 1951இல் உள்துறை அமைச்சராக இருந்த ராஜாஜி கொண்டுவந்த ஆட்சேபகரமான செய்திகள் பற்றிய பத்திரிகைச் சட்டத்தில் அந்த ஏற்பாடு இருந்தது. ஒரு முக்கியமான மாற்றம், ஜாமீன் கேட்பதா வேண்டாமா என்று தீர்மானிப்பது கலெக்டர் இல்லை, செஷன்ஸ் நீதிபதி. பத்திரிகைத் துறையினர் கொண்ட ஜூரியையும் கேட்டுப் பெறலாம். பத்திரிகை நடத்திச் சிறை சென்ற தலைமுறையின் மூத்தவர் ஒருவர் கையாலேயே ஜாமீன் மறுபடி சட்டமேறியது எனக்கு வருத்தம் தருகிறது. ஆனால் முடிவெடுக்கும் அதிகாரத்தை நிர்வாகத்திடமிருந்து பிரித்து நீதிபதியிடம் வைத்த அந்த மாற்றம் சிறிதில்லை. அந்தச் சட்டம் 1956இல் காலாவதியாக விடப்பட்டது.

3. சென்னை எல்லையில் நின்ற வார இதழ்

பத்திரிகையை எங்கோ ஓரிடத்தில் அச்சிட விட்டுவிட்டு, வாசகன் கைக்குப் போகாமல் வழியில் மறிப்பது இன்னொரு முறை. தமிழர்களுக்கு இது புதிதில்லை. 1908இல் சென்னையில் ‘இந்தியா’ வார இதழின் பதிவுபெற்ற ஆசிரியர் சீனிவாசன் கைதானபின் பாரதியார் புதுச்சேரிக்குப் போனார். இதழும் அங்கே போனது. பிரெஞ்சு மண்ணில் அச்சுக்குத் தடை இல்லை. அப்படியும் 1910இல் அது நின்றது, ஏனென்றால் அதைப் படிக்க வேண்டியவர்கள் எல்லைக்கு இந்தப் பக்கம் இருந்தார்கள், எல்லையை இதழ் தாண்ட முடியவில்லை.

நாற்பது ஆண்டு கழித்து அதே சென்னை அரசு, இப்போது நம்மவர் அரசு, அதே வேலையைச் செய்தது. ரமேஷ் தாப்பர் பம்பாயிலிருந்து நடத்திய கிராஸ் ரோட்ஸ் என்ற இடதுசாரி வார இதழ் சென்னை மாநிலத்துக்குள் நுழையக் கூடாது, விற்கப்படக் கூடாது என்று 1950 மார்ச் 1 அன்று ஆணை பிறந்தது. அப்போது சென்னை மாநிலத்தில் கம்யூனிஸ்ட் கட்சி தடைசெய்யப்பட்டிருந்தது. சேலம் சிறையில் நடந்த துப்பாக்கிச் சூட்டில் 22 கைதிகள் மாண்டு மூன்று வாரம்கூட ஆகவில்லை. ஆணைக்கு ஆதாரமாகக் காட்டியது 1949ஆம் ஆண்டின் சென்னைப் பொது ஒழுங்குப் பராமரிப்புச் சட்டம்.

தாப்பர் நேராக உச்ச நீதிமன்றத்துக்குப் போனார். 1950 மே 26இல், அரசமைப்புச் சட்டம் நடைமுறைக்கு வந்து சரியாக நான்கு மாதம் நிறைந்த நாளில், தீர்ப்பு வந்தது. பெரும்பான்மைத் தீர்ப்பை எழுதியவர் தமிழரான எம். பதஞ்சலி சாஸ்திரி. இதழைப் பரப்பும் உரிமையும் கருத்துரிமையின் பகுதியே, பரவ வழியில்லாத வெளியீட்டால் பயனில்லை என்றார். பேச்சுரிமைக்கு அரசமைப்பு அன்று வகுத்திருந்த விதிவிலக்குகளில் நாட்டின் பாதுகாப்பு இருந்தது, பொது ஒழுங்கு இல்லை. ஊரில் நடக்கும் ஒவ்வொரு சலசலப்பையும் நாட்டையே கவிழ்க்கும் செயலோடு ஒன்றாக வைக்க முடியாது என்று கூறிச் சட்டத்தின் அந்தப் பிரிவைச் செல்லாது என்றார். நீதிபதி ஃபசல் அலி மாறுபட்டார். அதே நாளில் டெல்லியின் ஆர்கனைசர் வார இதழ் மீது போடப்பட்ட முன்தணிக்கை ஆணையும் விழுந்தது. ஒன்று இடதுசாரி இதழ், மற்றது வலதுசாரி இதழ். பத்திரிகைச் சுதந்திரம் இந்தியாவில் எப்படிப் பிறந்தது என்று மாணவர்களுக்குச் சொல்லும்போது இந்த இரண்டையும் சேர்த்தே சொல்ல வேண்டும், ஒன்றை மட்டும் சொல்வது பாதி உண்மை.

தீர்ப்பின் ஆயுள் ஓராண்டுக்குச் சற்று மேல். 1950 டிசம்பரில் பத்திரிகை ஆசிரியர்கள் மாநாட்டில் பேசிய நேரு, அடக்கப்பட்ட பத்திரிகையைவிட ஆபத்துகளோடு கூடிய சுதந்திரப் பத்திரிகையே தமக்கு வேண்டும் என்றார். 1951 ஜூனில் அவர் அரசே முதலாம் அரசமைப்புத் திருத்தத்தை நிறைவேற்றிப் பொது ஒழுங்கையும், அயல்நாட்டு நட்புறவையும், குற்றத்துக்குத் தூண்டுதலையும் விதிவிலக்குகளில் சேர்த்தது. நேரு பொய் சொன்னார் என்று நான் கருதவில்லை. பிரிவினை ரத்தம் காயாத நாட்டில் ஆட்சி செய்தவரின் அச்சமும், சிறையில் பழகிய ஜனநாயகவாதியின் நம்பிக்கையும் ஒரே மனிதரிடம் இருந்தன. விவாதத்தின் முடிவில் ‘நியாயமான’ என்ற அடைமொழி கட்டுப்பாடுகளுக்கு முன்னால் சேர்ந்தது. எது நியாயம் என்று கேட்கும் வாசல் அந்த ஒரு சொல்லால் நீதிமன்றங்களுக்குத் திறந்தே இருந்தது.

4. பக்கமும் விலையும்

1956இல் நாடாளுமன்றம் பத்திரிகைகளின் விலைக்கும் பக்கத்துக்கும் ஒரு சட்டம் செய்தது. இன்ன விலைக்கு இத்தனை பக்கம்தான் என்று அரசு வரையறுக்கலாம். நோக்கத்தைக் குறை சொல்ல முடியாது. பணம் படைத்த பெரிய பத்திரிகை குறைந்த விலையில் நிறையப் பக்கம் கொடுத்துச் சிறிய பத்திரிகையைச் சந்தையிலிருந்து துரத்திவிடக் கூடாது என்பதே காரணம். 1960இல் அதன்கீழ் ஆணை வந்தது.

புனேயின் மராத்தி நாளிதழ் சகால் எதிர்த்தது. ஞாயிறு நீங்கலாக வாரத்துக்கு 34 பக்கத்தை நாளொன்றுக்கு 7 நயாபைசா விலையில் கொடுத்துவந்த இதழ் அது. ஆணைப்படி அந்த விலைக்கு 24 பக்கம்தான் கொடுக்கலாம். பக்கத்தைக் குறைத்தால் செய்தி குறையும், விலையை ஏற்றினால் வாசகர் குறைவர். இதில் என் மனத்தை மிகவும் தொட்ட செய்தி, நிறுவனத்தோடு சகாலின் வாசகர்கள் இருவரும் மனு போட்டிருந்தார்கள் என்பது. எழுதுகிறவனின் உரிமையை மட்டும் பேசிக்கொண்டிருந்த சட்ட உலகில் படிக்கிறவன் வந்து நின்றான். 1961 செப்டம்பரில் நீதிபதி முதோல்கர் எழுதிய ஒருமித்த தீர்ப்பு சட்டத்தைச் செல்லாது என்றது. வணிகத்தை ஒழுங்குபடுத்த அரசுக்கு அதிகாரம் உண்டு, ஆனால் அந்தப் பெயரில் கருத்துரிமையைக் குறைக்க முடியாது என்பது அதன் சாரம்.

பத்து ஆண்டில் அதே பிரச்சினை காகித உருவில் வந்தது. மத்தியப் பிரதேசத்தின் நேபாநகர் ஆலையில் உற்பத்தியான நியூஸ்பிரிண்ட் நாட்டின் தேவைக்குப் போதவில்லை. மிச்சம் இறக்குமதி. அந்நியச் செலாவணிப் பஞ்சம் என்பதால் யாருக்கு எத்தனை டன் என்று அரசே கோட்டா போட்டது. 1972-73ஆம் ஆண்டின் நியூஸ்பிரிண்ட் கொள்கை அதற்கும் மேலே போனது. எந்த நாளிதழும் 10 பக்கத்துக்கு மேல் போகக் கூடாது. ஒரே உரிமையாளரின் நிறுவனம் தன் கோட்டாவிலிருந்தும் புதிய பத்திரிகையோ புதிய பதிப்போ தொடங்கக் கூடாது. பிரதியைக் குறைத்து அந்தக் காகிதத்தில் பக்கத்தைக் கூட்டிக்கொள்ளும் உரிமைகூட இல்லை. இருக்கிற காகிதத்தை எப்படிச் செலவிடுவது என்பதையும் அமைச்சகமே தீர்மானிக்கும்.

பென்னெட் கோல்மன் என்ற பத்திரிகை நிறுவனத்தின் வழக்கில் 1972 அக்டோபர் 30 அன்று நான்குக்கு ஒன்று என்ற கணக்கில் இந்தக் கொள்கை வீழ்ந்தது. காகிதத்தைப் பங்கிடுவது வேறு, பங்கிட்ட காகிதத்தின்மேல் பத்திரிகையின் வளர்ச்சியை ஆள்வது வேறு என்று ஏ.என். ராய் எழுதிய பெரும்பான்மைத் தீர்ப்பு கூறியது. பத்திரிகைச் சுதந்திரத்தில் தரமும் உண்டு அளவும் உண்டு என்றது.

மாறுபட்ட ஒருவர் கே.கே. மாத்யூ. அவருடைய தீர்ப்பை அரசுச் சார்பு என்று ஒதுக்குவோர் உண்டு. நான் அதைத் திரும்பத் திரும்பப் படித்திருக்கிறேன், ஒவ்வொரு முறையும் அது தொல்லை தருகிறது. அச்சு யந்திரமும் பணமும் சிலர் கையில் குவிந்திருக்கும் நாட்டில் கருத்துரிமை யாருடைய உரிமை என்று கேட்கிறார் மாத்யூ. பேசுகிறவனின் உரிமை மட்டும் போதாது, பல குரல்களைக் கேட்கும் உரிமை சமூகத்துக்கு இருக்கிறது, அதற்காக அரசு பங்கீட்டில் தலையிடலாம் என்பது அவர் வாதம். கேள்வி முழுக்க நியாயமானது. இன்று ஒரு சில வணிகக் குழுமங்கள் தொலைக்காட்சிகளையும் நாளிதழ்களையும் சேர்த்து வாங்கும்போது அது இன்னும் கூர்மையாகிறது. மாத்யூ தவறியது விடையில். குவிந்த பணத்திடமிருந்து காகிதத்தைப் பிடுங்கி அவர் ஒப்படைத்த இடம் அமைச்சகம். தேர்தலில் வென்றாக வேண்டிய ஒரு கட்சியின் அமைச்சர், தம்மை விமர்சிக்கும் பத்திரிகைக்கு எத்தனை டன் என்று கையெழுத்துப் போடும் இடம் அது.

உடைமை எல்லாவற்றையும் தீர்மானித்துவிடாது என்பதற்கும் ஒரு சான்று உண்டு. 1943 வங்கப் பஞ்சத்தில் மாண்டவர்கள் 15 லட்சம் முதல் 30 லட்சம் வரை என்று மதிப்பிடுகிறார்கள். போர்க்காலக் கட்டுப்பாட்டுக்குள் பஞ்சம் என்ற சொல்லையே அரசு தவிர்த்துக்கொண்டிருந்தபோது, கல்கத்தா தெருக்களில் கிடந்தவர்களின் புகைப்படங்களை ஆகஸ்ட் 22 அன்று வெளியிட்டது தி ஸ்டேட்ஸ்மன். அது வெள்ளையர் உடைமை, ஆசிரியர் இயன் ஸ்டீவன்ஸும் வெள்ளையர். ஆளும் இனத்தின் பத்திரிகை ஆளும் அரசின் பொய்யை உடைத்தது. இயங்கும் ஜனநாயகமும் சுதந்திரப் பத்திரிகையும் உள்ள நாட்டில் பெரும்பஞ்சம் நேர்ந்ததில்லை என்று அமர்த்தியா சென் பின்னாளில் வாதிட்டபோது, அவர் சிறுவனாக வங்கத்தில் கண்ட இந்தப் பஞ்சம் அதன் பின்னால் இருந்தது. எந்தப் பத்திரிகை எந்த நாளில் உண்மை பேசும் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது. அதனால்தான் யாருக்குக் காகிதம் என்று முன்கூட்டித் தீர்மானிக்கும் அதிகாரத்தை யாரிடமும் கொடுக்க முடியாது.

5. மின்சாரம் நின்ற இரவு

1975 ஜூன் 25 இரவு டெல்லியில் பகதூர் ஷா ஜாஃபர் மார்க் இருண்டது. நாளிதழ் அலுவலகங்கள் வரிசையாக நிற்கும் சாலை அது. நெருக்கடி நிலைச் செய்தியோடு மறுநாள் இதழ்கள் வெளிவராமல் இருக்க, மின்சாரத்தையே துண்டித்துவிட்டார்கள். புதுடெல்லி நகராட்சியிடமிருந்து மின்சாரம் பெற்ற இந்துஸ்தான் டைம்ஸும் ஸ்டேட்ஸ்மனும் மட்டும் இருட்டுக்குத் தப்பின. தணிக்கை ஆணை மறுநாள்தான் வந்தது. சட்டம் வருவதற்குள் சுவிட்ச் வேலையை முடித்திருந்தது.

அதன்பின் நடந்தவை தெரிந்தவையே. செய்தி நிறுவனங்கள் நான்கும் ‘சமாச்சார்’ என்று ஒன்றாக்கப்பட்டன, பத்திரிகை மன்றம் கலைக்கப்பட்டது. நாடாளுமன்ற நடவடிக்கைகளைச் செய்தியாக்கப் பாதுகாப்புத் தந்த, பிரோஸ் காந்தியின் முயற்சியால் 1956இல் வந்த சட்டம், அவர் மனைவியின் ஆட்சியில் நீக்கப்பட்டது. சொல் பற்றிய தணிக்கையை எதிர்த்து அந்த நாட்களிலும் சிலர் வென்றார்கள். மினூ மசானியின் ஃப்ரீடம் ஃபர்ஸ்ட் இதழுக்குத் தணிக்கையாளர் மறுத்த கட்டுரைகளுக்குப் பம்பாய் உயர் நீதிமன்றம் 1976 பிப்ரவரியில் வழிவிட்டது. துண்டித்த மின்சாரத்துக்கு அப்படி ஒரு தீர்ப்பு இல்லை. ஓர் இரவு இழந்த செய்தித்தாளை எந்த நீதிமன்றம் திருப்பித் தரும்?

6. வரியும் விளம்பரமும்

இவ்விரண்டையும் சுருக்கமாகவே பார்க்கலாம். 1981இல் இறக்குமதி நியூஸ்பிரிண்ட்டுக்கு 15 விழுக்காடு சுங்கவரி வந்தது. பத்திரிகைக்கு வரியிலிருந்து முழு விலக்கு இல்லை, ஆனால் அறிவின்மேல் போடும் வரி வேறு வரிகளைப்போல் பாரமாக இருக்கக் கூடாது என்று நீதிபதி வெங்கடராமையா 1984 டிசம்பரில் தீர்ப்பளித்தார். தொண்ணூறுகளில் இறக்குமதி தாராளமானதும் கோட்டாவின் காலம் முடிந்தது. அந்த இடத்தை அரசு விளம்பரம் பிடித்துக்கொண்டது.

டெண்டர் அறிவிப்பும் திட்டத் தொடக்க விழாவின் முழுப்பக்க விளம்பரமும் சிறிய நாளிதழ்களுக்குச் சம்பளப் பணம். மக்கள் வரிப்பணத்திலிருந்து வரும் அதை விருப்பப்பட்டவருக்குக் கொடுத்து, பிடிக்காதவருக்கு நிறுத்த அரசுக்கு உரிமை இல்லை என்று ஆந்திர உயர் நீதிமன்றம் ஈநாடு நிறுவனத்தின் வழக்கிலேயே சொல்லிவிட்டது. 2015 மே மாதம் உச்ச நீதிமன்றம் அரசு விளம்பரங்களுக்கு விதிமுறை வகுத்தது. ஆனால் விளம்பரம் நிற்கும்போது ஆணை எதுவும் வருவதில்லை. தொலைபேசி ஒலிப்பது நின்றுவிடும், அவ்வளவே. எழுதப்படாத ஆணையை எதிர்த்து எந்த நீதிமன்றத்தில் மனுப் போடுவது? இங்கேதான் இவ்வாய்வின் மையம் இருக்கிறது.

7. அரசிதழும் மூடிய உறையும்

2019 ஆகஸ்ட் 4 முதல் காஷ்மீரில் தொலைபேசியும் இணையமும் நின்றன. காஷ்மீர் டைம்ஸ் நாளிதழின் ஸ்ரீநகர்ப் பதிப்பு வெளிவர முடியவில்லை. செய்தியாளர்கள் அரசு திறந்த மையத்தில் சில கணினிகளுக்கு முன்னால் வரிசையில் நின்று, கிடைத்த சில நிமிடத்தில் செய்தி அனுப்பினார்கள். ஒருகாலத்தில் ரயிலேறிய கட்டு இப்போது கம்பியில் போகிறது. மறிக்கும் கை மட்டும் மாறவில்லை. காஷ்மீர் டைம்ஸின் நிர்வாக ஆசிரியர் அனுராதா பாசின் தொடுத்த வழக்கில் 2020 ஜனவரி 10 அன்று வந்த தீர்ப்பு, இணையம் வழியான கருத்துரிமைக்கும் 19ஆம் பிரிவின் பாதுகாப்பு உண்டு என்றது. காலவரையின்றி இணையத்தை நிறுத்த முடியாது, நிறுத்தும் ஆணைகள் வெளியிடப்பட வேண்டும் என்றது. கோட்பாட்டில் அது தாப்பர் வழக்கின் பேரப்பிள்ளை. நிவாரணத்தில் இல்லை. தாப்பருக்குத் தடை அன்றே நீங்கியது, பாசினுக்கு அரசே மறுபரிசீலனை செய்துகொள்ளட்டும் என்ற அறிவுரை கிடைத்தது.

2022 ஜனவரியில் கேரளத்தின் மீடியாஒன் தொலைக்காட்சிக்கு உரிமம் புதுப்பிக்கப்படவில்லை. உள்துறையின் பாதுகாப்பு ஒப்புதல் இல்லை என்றார்கள். ஏன் இல்லை என்பது மூடிய உறையில் நீதிபதிகளுக்கு மட்டும் போனது. நிலையத்தார் தங்கள் மீதான குற்றச்சாட்டைப் படிக்காமலே உயர் நீதிமன்றத்தில் தோற்றார்கள். 2023 ஏப்ரல் 5 அன்று உச்ச நீதிமன்றம் அந்த மறுப்பை ரத்து செய்து, மூடிய உறை முறையையும் கடுமையாகக் கண்டித்தது. அரசை விமர்சிப்பதையே நாட்டுக்கு எதிர் என்று வைக்க முடியாது என்றும் கூறியது. அதற்குள் ஓராண்டுக்கு மேல் ஓடிவிட்டது.

இந்த வழக்குகளை அடுத்தடுத்து வைத்துப் படிக்கும்போது ஒரு வேறுபாடு கண்ணில் படுகிறது. ஜாமீனோ, பக்கமோ, காகிதமோ, பொது ஒழுங்கோ, ஒவ்வொரு முறையும் அரசிடம் ஒரு நல்ல காரணம் இருந்தது. ஆகவே காரணத்தின் தரத்தை மட்டும் வைத்து எது ஜனநாயக அரசின் செயல், எது அப்படி இல்லை என்று பிரிக்க முடியாது. ஆணை எழுத்தில் இருந்ததா, பாதிக்கப்பட்டவர் கைக்கு வந்ததா, அதை எடுத்துக்கொண்டு மூன்றாவது ஒருவரிடம் அவர் போக முடிந்ததா என்பதை வைத்துப் பிரிக்கலாம். கிராஸ் ரோட்ஸைத் தடுத்த சென்னை அரசு அடக்குமுறை அரசாகவே அன்று நடந்துகொண்டது. அப்படியும் 1950 மார்ச்சில் அது தன் ஆணைக்கு 1333 என்று எண் இட்டு, செயின்ட் ஜார்ஜ் கோட்டை அரசிதழில் அச்சிட்டு வெளியிட்டது. தாப்பர் அந்தத் தாளைத்தான் டெல்லிக்கு எடுத்துப் போனார்.